ஃபிலிமில் இல்லை, யூடியில் இருக்கிறது: எதை நம்புவது?

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் மூன்று வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். ஒரு கெமிக்கல் கம்பெனிக்காக 25 மி.மீ. கார்பன் ஸ்டீல் தகட்டில் பிரஷர் வெசல் (அழுத்தக் கலம்) செய்தோம். விட்டம் ஒரு மீட்டர். கடைசியாக மூடும் சர்க் சீமில் (வெசலைச் சுற்றி வரும் இணைப்பில்) உள்ளே ஆள் இறங்க வழியில்லை. அதனால் வெளியிலிருந்தே ஒற்றை வி வடிவப் பள்ளம், மொத்தம் 60 டிகிரி, ரூட் கேப் (அடியில் விடும் இடைவெளி) 2, ரூட் ஃபேஸ் (அடியில் சாய்க்காமல் விடும் விளிம்பு) 2 மி.மீ. ரூட்டுக்கு (அடிப்பகுதிக்கு) டிக் வெல்டிங், மேலே முழுக்க சிஓடூ வெல்டிங். நாசில் (குழாய் வாய்) வழியாகக் காமா கதிர்ச் சோர்ஸை உள்ளே விட்டு 100 சதவீதம் ஆர்டி (கதிர்ப்படச் சோதனை) எடுத்தோம். எல்லா ஃபிலிமும் பாஸ்.

டெலிவரிக்கு முன் கஸ்டமரின் இன்ஸ்பெக்டர் வந்து அதே சீமில் யூடி (மீயொலிச் சோதனை) போட்டார். ஓரிடத்தில் 40 மி.மீ. நீளத்துக்கு லேக் ஆஃப் ஃப்யூஷன் (வெல்டிங் சுவரோடு உருகி ஒட்டாத குறை) என்று எழுதி நிறுத்திவிட்டார். 60 டிகிரி ப்ரோப் (ஒலியை அனுப்பி வாங்கும் கருவி), பீம் பாத் (ஒலி போன தூரம்) 80, ஆழம் 10, சீமின் மையக் கோடு ப்ரோப்பிலிருந்து 78 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து எக்கோ பலமாக வருகிறது, மறுபக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த இடத்து ஃபிலிமைப் பத்து தடவை பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. எங்கள் முதலாளி, "ஃபிலிம் கண்ணால் பார்க்கிற சாட்சி. அவர் காட்டுவது வெறும் கோடு. ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) வைப்போம், தாங்கினால் அனுப்பிவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்து, தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எவாப்பரேட்டர் (நீரை ஆவியாக்கும் கலம்) வேலை வருகிறது. அதற்கும் யூடி போடலாமா? நான் யூடி லெவல் 2 (சோதகர் தகுதிச் சான்றிதழ்) படித்தால் பயன்படுமா?

பதில்: தம்பி, இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். சீமை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய நான்கு எண்களை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த நான்கு எண்களே நிறையப் பேசுகின்றன. அதற்காக உங்கள் ஃபிலிம் பொய் சொன்னது என்று அர்த்தமில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

உங்கள் முதலாளியின் வாதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அதையே பேசியவன். ஆர்டி வேலையில் ஈய எழுத்துகளைச் சுமக்கும் ஹெல்பராக நுழைந்தேன். ராத்திரியில் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, ஆளில்லாத ஷாப்பில் ஷாட் எடுப்போம். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். வேலூர் வெயிலில் டார்க் ரூமில் அது எங்கே நிற்கும்? டேங்கைச் சுற்றி ஐஸ் கட்டியை அடுக்கி ஓட்டுவோம். அவ்வளவு பாடுபட்டு எடுத்த ஃபிலிமை ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து தப்பு என்றால் கோபம் வராதா? ஒரு ஷாப்பில் இதே மாதிரி ஒரு சீமுக்காகச் சண்டை போட்டேன். "கௌஜ் பண்ணி, தோண்டிப் பார்த்துவிடலாம்" என்றார் அந்த யூடிக்காரர், அமைதியாக. கிரைண்டர் 9 மி.மீ. இறங்கியதும் பளபளக்கும் உலோகத்தின் நடுவே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகுதான் யூடி படிக்கப் போனேன்.

ஃபிலிம் கண்ணால் பார்க்கிற சாட்சி இல்லை. அது நிழல். காமா கதிர் எஃகு வழியாக வரும்போது, வழியில் எவ்வளவு எஃகு இருந்தது என்பதை மட்டும்தான் பதிவு செய்கிறது. எஃகு குறைந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஒரு போரோசிட்டி (வாயுக் குமிழ்), ஒரு ஸ்லாக் (கசடு) கட்டி என்றால் அதற்கு எல்லாத் திசையிலும் கனம் உண்டு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிழல் விழும். ஃப்யூஷன் ஆகாத பக்கச்சுவர் அப்படியில்லை. அது ஒரு தாள் மாதிரி. ஜன்னல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. அதே கண்ணாடியை விளிம்புவாக்கில் பார்த்தால் கரும்பச்சையாகத் தெரியும்.

இதை உங்கள் சீமுக்குக் கணக்காகவே போட்டுவிடலாம். பெவல் சுவர் (தகட்டின் சாய்த்து வெட்டிய விளிம்பு) செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. சோர்ஸ் நடுவில் இருந்ததால் கதிர் நேராக வந்தது. ஒட்டாத அந்த இடைவெளி 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கதிர் அதை 30 டிகிரியில் கடக்கும்போது வழியில் கிடைக்கும் வெற்றிடம் 0.05ஐ சைன் 30ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.1 மி.மீ. உங்கள் ஃபிலிமில் தெரிய வேண்டிய பெனட்ரோமீட்டர் கம்பி (ஃபிலிமின் தரம் பார்க்க வைக்கும் கம்பி), 25 மி.மீ. கனத்துக்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கம்பி தெரிந்தால் ஃபிலிம் நல்ல ஃபிலிம் என்கிறோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பத்து தடவை இல்லை, நூறு தடவை பார்த்தாலும் தெரியாது. நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது யூடி பக்கம். ஒலிக்கு இடைவெளியின் கனம் முக்கியமில்லை. எஃகில் போகும் ஒலி காற்றைத் தொட்டதும் அநேகமாக முழுதாகத் திரும்பிவிடும். முடியளவுகூட வேண்டாம், அதில் நூறில் ஒரு பங்கு இடைவெளி போதும். அதற்கு முக்கியம் கோணம். சுவரில் செங்குத்தாக மோதினால் ஒலி வந்த வழியே திரும்பும். சாய்வாக மோதினால் வேறெங்கோ போய்விடும். உங்கள் பெவல் 30 டிகிரி, அதற்குச் செங்குத்தாக வரவேண்டிய ஒலியின் கோணம் 60. இன்ஸ்பெக்டர் 60 டிகிரி ப்ரோப்பை எடுத்தது தற்செயல் இல்லை. பெவல் டிராயிங்கைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்திருக்கிறார். எனக்கு அந்த மனுஷர் மேல் அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் தந்த எண்களைத் தாளில் வரைந்து பாருங்கள். சர்க் சீம் என்பதால் ஒலி வெசலின் நீளவாக்கில் போகிறது, வளைவைப் பற்றிக் கவலை வேண்டாம். தட்டையான தகடு போலவே கணக்குப் போடலாம். பீம் பாத் 80, கோணம் 60. கிடைமட்டத் தூரம் 80 பெருக்கல் சைன் 60, அதாவது 69.3. செங்குத்தாகப் போன தூரம் 40. தகடே 25தான், அப்படியென்றால் ஒலி அடிப்பரப்பில் பட்டு மேலே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. தகட்டுக் கனத்தின் இரு மடங்கான 50லிருந்து 40ஐக் கழித்தால் ஆழம் 10. ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறது. மையக் கோடு 78ல், எக்கோ 69.3ல், ஆக குறை மையத்திலிருந்து 8.7 மி.மீ. தள்ளி, ப்ரோப் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. சரி, அந்தப் பக்கத்துப் பெவல் சுவர் 10 மி.மீ. ஆழத்தில் எங்கே இருக்க வேண்டும்? ரூட் கேப்பில் பாதி 1. அதோடு, ரூட் ஃபேஸ் போக மீதமுள்ள 13 மி.மீ. உயரத்துக்கு டேன் 30ஆல் வருவது 7.5. மொத்தம் 8.5.

8.7க்கும் 8.5க்கும் என்ன வித்தியாசம்? ஸ்கேல் வைத்து அளப்பதிலேயே அதைவிட அதிகப் பிழை வரும். குறை சரியாகப் பெவல் சுவரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மறுபக்கத்திலிருந்து ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். அதைச் சந்தேகத்துக்கு ஆதாரமாக உங்கள் முதலாளி சொல்லியிருப்பார். உண்மையில் அது இன்ஸ்பெக்டருக்குத்தான் சாதகம். ஸ்லாக் கட்டியாக இருந்தால் இரண்டு பக்கமும் ஓரளவு எக்கோ தந்திருக்கும். இது தட்டையான சுவர். எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபுல் ஸ்கிப்பில் (அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி) வரும் ஒலி, சுவரின் செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து மோதி வழுக்கிக்கொண்டு போய்விடும். எதிர்ப்பக்கத்திலிருந்து அதை நேராகத் தொட வேண்டுமானால் முதல் பாய்ச்சலில், 20 மி.மீ. பீம் பாத்தில் தொடலாம். ஆனால் அதற்கு ப்ரோப்பின் இண்டெக்ஸ் புள்ளி (ஒலி வெளிப்படும் இடம்) மையக் கோட்டிலிருந்து 9 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அங்கே வெல்டிங்கின் கேப் (மேல் தொப்பி) மேடாக இருக்கிறது, ப்ரோப் உட்காராது.

அதனால், இப்படிச் செய்யுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஒரு 100 மி.மீ. நீளத்துக்குக் கேப்பைத் தகட்டு மட்டத்துக்குத் தேயுங்கள். தகட்டைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்ஸ்பெக்டரையே கூப்பிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து ப்ரோப்பை வெல்டிங் மேலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 20க்குப் பக்கத்தில் எக்கோ எழுந்தால் வழக்கு முடிந்தது. தேய்ப்பதற்கு முன்னால் ஒன்று: எக்கோ நிற்கும்போது எண்ணெய் தடவிய விரலால் கேப் மேலே தட்டிப் பாருங்கள். திரையில் எக்கோ கூடவே துடித்தால் அது கேப்பின் மேடு தரும் போலி எக்கோ. ஆடாமல் நின்றால் உள்ளே இருக்கும் சமாச்சாரம். யூடியில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் கேப்பிலும் ரூட் பீடிலும்தான் ஏமாறுகிறார்கள். ஆழம் 10 என்று வரும்போது ரூட் பற்றிய சந்தேகம் இல்லை, கேப் பற்றிக் கொஞ்சம் உண்டு. அதற்குத்தான் விரல்.

முதலாளிக்கு ஃபிலிமில் காட்டினால்தான் நம்பிக்கை வரும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. உள்ளே சோர்ஸை நடுவிலிருந்து அச்சுவாக்கில் சுமார் 290 மி.மீ. நகர்த்தி, குறை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வைத்து, ஒரே ஒரு ஷாட் எடுங்கள். ஆரம் 500 என்பதால் அப்போது கதிர் 30 டிகிரி சாய்ந்து பெவல் சுவரை ஒட்டியே வரும். கதிர் கடக்கும் எஃகு 25லிருந்து 29 மி.மீ. ஆகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜன்னல் கண்ணாடியை விளிம்புவாக்கில் திருப்புகிறோம், அவ்வளவுதான். அதே இடத்தில் நேராக ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் முதலாளி வேறொன்றும் கேட்க மாட்டார்.

ஹைட்ரோ டெஸ்ட் பேச்சை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இந்த வெசல் ஹைட்ரோவில் தாங்கும், சந்தேகமே வேண்டாம். ஏஎஸ்எம்இ செக்ஷன் 8 டிவிஷன் 1 என்ற அமெரிக்க அழுத்தக் கல விதிநூல் கேட்பது அனுமதித்த அழுத்தத்தைப் போல் 1.3 மடங்கு. உள்ளே புதைந்திருக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயரக் குறை ஒரு தடவை ஏற்றும் அழுத்தத்துக்கு அசைந்து கொடுக்காது. வெளியே வழி இல்லாததால் தண்ணீரும் கசியாது. அது வேலை காட்டுவது ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் ஏறி இறங்கிய பிறகுதான். உங்கள் கஸ்டமர் பேட்ச் முறையில் ஓட்டுகிறவரா, தினமும் எத்தனை தடவை சூடாக்கி ஆற்றுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். தாங்கினால் அனுப்பலாம் என்பது டெலிவரி தேதியைப் பார்த்துச் சொல்லும் பேச்சு.

அந்த விதிநூல் என்ன சொல்கிறது? லேக் ஆஃப் ஃப்யூஷன் என்று முடிவானால் எவ்வளவு சின்னதானாலும் ஆர்டியிலும் ரிஜெக்ட், யூடியிலும் ரிஜெக்ட். "அது லேக் ஆஃப் ஃப்யூஷன் இல்லை, ஸ்லாக்" என்று வாதாடலாமா என்றால், 25 மி.மீ. கனத்துக்கு ஸ்லாக் போன்ற நீண்ட குறைக்கு அனுமதி கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ. சொச்சம். உங்களுடையது 40. எக்கோ, ஒப்பிட வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் மட்டத்தைத் தாண்டியிருந்தால் எந்தப் பெயர் வைத்தாலும் ரிஜெக்ட்தான், பெயருக்காகச் சண்டை போடுவதில் பயனில்லை.

பணத்துக்காகச் சண்டை போடலாம். அது வேறு விஷயம். கியூஏபியில் (தரச் சோதனைத் திட்டத்தில்) அந்த சீமுக்கு ஆர்டி மட்டும் எழுதியிருந்து, கையெழுத்தும் ஆகியிருந்தால், யூடி கூடுதல் வேலை. ரிப்பேர் செலவையும் தாமதத்தையும் யார் ஏற்பது என்று முதலாளி பேசிப் பார்க்கலாம். ஆனால் குறை இருப்பது தெரிந்த பிறகு மூடி அனுப்புவதற்குக் கியூஏபி காரணமாகாது. அந்த ரிலீஸ் நோட்டில் குவாலிட்டி என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தான், தம்பி.

ரிப்பேரைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தக் குறை ஏன் வந்தது? சிஓடூவில் கரண்டும் வோல்டேஜும் குறைவாக வைத்து ஓட்டினால் கம்பி உருகிய உலோகக் குட்டைக்குள் தோய்ந்து தோய்ந்து உருகும். மெல்லிய தகட்டுக்கு அது நல்லது. 25 மி.மீ. தகடு சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். உருகிய உலோகம் சுவரில் பிடிக்காமல் சும்மா சாய்ந்து உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் பீட் அழகாகவே இருக்கும், அதுதான் இதில் வில்லங்கம். டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் நடுவிலேயே ஓட்டுவது, ஆர்க்கைவிடக் குட்டை முன்னால் ஓட விடுவது, முந்தைய பாஸின் (வெல்டிங் அடுக்கின்) ஓரத்துப் பள்ளத்தைக் கிரைண்ட் செய்யாமல் மேலே போடுவது, எல்லாம் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். 40 மி.மீ. என்றால் ஒரு நிறுத்தம், ஒரு தொடக்கம். அந்தப் பாஸ் எந்த ஷிஃப்ட்டில், யார் கையில், எந்த மெஷினில் ஓடியது என்று வெல்டிங் லாகைப் பாருங்கள். அதே வெல்டர், அதே செட்டிங்கில் வேறு எந்தெந்த சீமைப் போட்டிருக்கிறாரோ அத்தனையிலும் யூடி போடுங்கள். அவற்றின் ஃபிலிமும் சுத்தமாகத்தான் இருக்கும். வெல்டரைத் திட்ட வேண்டாம். ஆம்பியர், வோல்டேஜை மீட்டர் வைத்து அளந்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பல ஷாப்பில் மெஷின் டயலில் ஒன்று இருக்கும், நீளமான கேபிளின் மறுமுனையில் வேறொன்று வரும்.

அடுத்து, எவாப்பரேட்டர். இங்கே நான் சொன்னதையெல்லாம் தலைகீழாகப் போட வேண்டும். கார்பன் ஸ்டீலில் யூடி நன்றாக ஓடுகிறது என்று ஸ்டெயின்லெஸ் வெல்டிங்கிலும் அதே ப்ரோப்பை வைத்தால் திரை முழுக்கப் புல் மாதிரி இரைச்சல் முளைக்கும். 304, 316 போன்ற ஆஸ்டெனிடிக் வெல்டிங்கில் உலோக மணிகள் பெரிதாக, தூண் தூணாக ஒரே திசையில் வளர்கின்றன. ஒலி அதற்குள் சிதறும், வளையும். குறை ஓரிடத்தில் இருக்க, எக்கோ இன்னோரிடத்தைக் காட்டும். அதற்கென்று குறைந்த அதிர்வெண் இரட்டைப் படிக ப்ரோப்புகள், அதே வெல்டிங்கில் செய்த காலிபரேஷன் பிளாக் என்று தனி ஏற்பாடு உண்டு. நம் மாநிலத்திலேயே கல்பாக்கத்தில் இதற்காக எத்தனையோ வருடம் உழைத்திருக்கிறார்கள். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ் இந்தத் துறையின் பெரிய ஆள். ஆனால் உங்கள் எவாப்பரேட்டர் ஷெல் சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், அதற்கு அத்தனை பாடு தேவையில்லை.

ஆர்டியே போதும், ஆனால் எக்ஸ்ரேயில் எடுங்கள். இரிடியம் 192ன் கதிர் மெல்லிய தகட்டுக்கு ரொம்பக் காரம், ஃபிலிமில் கான்ட்ராஸ்ட் சப்பென்று இருக்கும். மேற்பரப்புக்கு டிபி (விரிசலில் சாயம் ஊறவிட்டுப் பார்ப்பது). எம்பிஐ (காந்தப் பவுடர் சோதனை) வேண்டவே வேண்டாம், ஆஸ்டெனிடிக் காந்தத்தில் ஒட்டாது, பவுடர் வீண். டிபி கெமிக்கல் வாங்கும்போது குளோரின், ஃப்ளோரின் அளவு குறைந்தது என்று சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள். டியூபுகளுக்கு எடி கரண்ட் (சுழல் மின்னோட்டச் சோதனை).

இதில் நீங்கள் யோசிக்க வேண்டியது புது வெல்டிங்கைப் பற்றி மட்டும் இல்லை. நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு வரும் பச்சைத் தோல் உப்பில் புரட்டி வருகிறது. அந்த உப்பு எல்லாம் கழிவுநீரில் இறங்கி, கடைசியில் எவாப்பரேட்டருக்குத்தான் வந்து சேர்கிறது. குளோரைடு, கூடவே சூடு, கூடவே வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை. இந்த மூன்றும் சேர்ந்தால் 304, 316 இரண்டுமே மரக்கிளை மாதிரிக் கிளை கிளையாக வெடிக்கும். 60 டிகிரிக்கு மேல் ஓடும் இடத்தில் இந்தப் பயம் நிச்சயம் உண்டு. நீங்கள் டெலிவரி கொடுக்கும் அன்று எந்தச் சோதனையிலும் இது தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு அது இல்லை. ஷட் டவுன் எடுக்கும்போது நனையும் பக்கத்தில் டிபி போடும்படி கஸ்டமருக்கு எழுத்தில் கொடுங்கள். மெட்டீரியலை டூப்ளெக்ஸ் என்ற வேறு வகை ஸ்டெயின்லெஸாக மாற்றலாமா என்று ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே கேட்பது இன்னும் நல்லது.

அந்த வேலையோடு எஃப்ஆர்பி (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) டேங்கும் சேர்ந்து வந்தால், ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு போங்கள். சிரிக்க வேண்டாம். கரிகிரியில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக மாறும். விமானப் பாகங்களிலேயே டேப் டெஸ்ட் என்று இதைச் செய்கிறார்கள்.

லெவல் 2 பற்றி. படியுங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு படியுங்கள். எஸ்என்டி டிசி 1ஏ என்ற அமெரிக்க முறையில் தரும் சர்டிஃபிகேட் உங்கள் சொத்து இல்லை, உங்களை வேலைக்கு வைத்த கம்பெனி தருவது. வேலை மாறினால் புதுக் கம்பெனி தன் ரிட்டன் பிராக்டிஸ்படி (எழுதிவைத்த நடைமுறைப்படி) மறுபடி சர்டிஃபை செய்ய வேண்டும். ஐஎஸ்ஓ 9712, நம் ஐஎஸ் 13805 போன்றவற்றில் பரீட்சை வைத்துச் சர்டிஃபிகேட் தருவது கம்பெனி இல்லை, வெளி அமைப்பு. இந்தியன் சொசைட்டி ஃபார் நான்-டெஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்கின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். "நாலே நாளில் லெவல் 2" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். வகுப்பு நாலு நாளில் முடியலாம், ப்ரோப் பிடிக்கும் கை நாலு நாளில் வராது.

கை வருவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஸ்கிராப்பில் கிடக்கும் 25 மி.மீ. துண்டுகளை எடுத்து, உங்கள் வெல்டரிடமே சொல்லி வேண்டுமென்றே கெட்ட வெல்டிங் போடச் சொல்லுங்கள். ஒன்றில் சுவரை விட்டுவிட, ஒன்றில் ஸ்லாக்கை மூடிவிட, ஒன்றில் ரூட் பிடிக்காமல். எது எங்கே என்று அவர் உங்களிடம் சொல்லக்கூடாது. நீங்கள் ப்ரோப் வைத்துக் கண்டுபிடித்துத் தாளில் வரைந்து, பிறகு பேண்ட் சா வைத்து வெட்டிப் பாருங்கள். பத்துத் துண்டு வெட்டினால் எந்த வகுப்பும் தராத தெளிவு வந்துவிடும். வெல்டருக்கும் வரும். தான் எப்படிச் செய்தால் எது வருகிறது என்று அவரும் கண்ணால் பார்த்துவிடுகிறாரே.

இப்போது ரிப்பேர். குறை 10 மி.மீ. ஆழத்தில் இருப்பதாகக் கணக்கு, அதனால் 7 வரை வேகமாகப் போகலாம். அப்புறம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் எம்பிஐ போட்டுப் பாருங்கள். கோடு தெரிந்ததும் ஃபோட்டோ எடுங்கள், ஸ்கேல் வைத்து. முதலாளிக்கு ஒன்று, இன்ஸ்பெக்டருக்கு ஒன்று. இரண்டு முனையிலும் நல்ல உலோகம் வரும்வரை நீட்டித் தேயுங்கள். கிரைண்டர் சூட்டில் கோடு பூசி மூடிக்கொள்ளும், கடைசிப் பரப்பை லேசான கையால் முடியுங்கள். ரிப்பேர் டபிள்யூபிஎஸ்படி (எழுதிவைத்த வெல்டிங் செய்முறைப்படி) வெல்டிங். கஸ்டமர் கேட்டு ஏற்கெனவே ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் இழுவிசையைத் தணிப்பது) செய்திருந்தால் கிரைண்டரைத் தொடும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். பிறகு அதே இடத்தில் ஆர்டியும் எடுங்கள், யூடியும் போடுங்கள்.

வெல்டிங் போடும் முன் ஒரு வேலை. யூடிக்குத் தடவுகிற பசையைப் பல இடத்தில் சிஎம்சி பவுடரைக் கரைத்துத்தான் செய்கிறார்கள். வேலூர்க்காரர்களுக்குச் சிஎம்சி என்றால் ஆஸ்பத்திரி, எங்கள் தொழிலில் அது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். அந்தப் பசையும் எண்ணெயும் எம்பிஐ மையும் பள்ளத்துக்குள் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. துடைத்து, அசிட்டோன் போட்டு, காயவிட்டு, அதற்குப் பிறகு ஆர்க்கைத் தொடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களிடமிருந்து அடுத்த கடிதம் போரோசிட்டி பற்றி வரும்.